ஒரிஜினல் மாதிரியே

எங்கள் பக்கத்து ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு ஒரே ஒரு பாராட்டுதான் பாராட்டு. "ஒரிஜினல் மாதிரியே இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டால் போதும், பாடியவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடுவார். வெள்ளகோவில் பக்கம் ஒரு கோயில் நோம்பியில் நான் தெரியாத்தனமாக, "நீங்க பாடினது நல்லா இருந்துச்சுங்க" என்று ஒரு பாடகரிடம் சொல்லிவிட்டேன். மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஏனுங்க, எங்கயாச்சும் மாறிப்போச்சுங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

நான் மேடைப் பாட்டுப் பைத்தியம். மாரியம்மன் நோம்பி, மாதா கோயில் திருவிழா, கம்பெனி ஆயுத பூஜை, கல்யாண வரவேற்பு என்று எங்கே ஸ்பீக்கர் கட்டினாலும் போய் உட்கார்ந்துவிடுவேன். முன்வரிசைக்கு ஆசைப்பட்டதில்லை. அது பாட்டே கேட்காத பிரமுகர்களுக்கு என்று எழுதிவைத்த இடம். நான் உட்காருவது சவுண்டு சர்வீஸ்காரரின் மேஜைக்குப் பக்கத்தில். மேடையில் யார் நிஜமாக வாசிக்கிறார்கள், யார் சும்மா கையை ஆட்டுகிறார்கள் என்பது அந்த மேஜையைப் பார்த்தால் தெரிந்துவிடும். எந்த மைக்கின் சத்தத்தை ஏற்றியிருக்கிறார், எதை அடியோடு இறக்கி வைத்திருக்கிறார் என்று பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை.

ஒவ்வொரு குழுவிலும் பழைய பெரிய பாடகர் ஒருவரின் குரலை அப்படியே வைத்துப் பிழைக்கிறவர் ஒருவர் உண்டு. அவர் குரலை மட்டும் எடுத்துக்கொண்டால் பரவாயில்லை. பெரியவர் ரெக்கார்டிங்கில் எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கே இவரும் மூச்சு வாங்குவார். அவருக்கு மூச்சு முட்டியது, வாங்கினார். உனக்கு என்ன வந்தது? பாடகி கையில் டேப்லெட் இருக்கும். காதலனைப் பார்த்து உருகவேண்டிய வரியில் டேப்லெட்டைப் பார்த்து உருகுவார். பக்கத்தை விரலால் தள்ளும்போது காதல் அரை நொடி நின்று மறுபடி கிளம்பும்.

எல்லோரையும் மன்னித்துவிடலாம், தொகுப்பாளரை மட்டும் முடியாது. பாட்டில் இடையிசை வந்தால் அது அவருக்குக் கிடைத்த காலி மனை. வயலின் எழும்பி வரும்போது சரியாக மைக்கைப் பிடித்து, "நமது நிகழ்ச்சிக்கு வருகை தந்திருக்கும் நிட்டிங் கம்பெனி உரிமையாளர் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்" என்பார். உரிமையாளர் வீட்டுக்குக் கிளம்பச் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். பாட்டுக்கு நடுவே இருப்பதும் பாட்டுதான் என்று இவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பனியன் கம்பெனி வட்டாரம் என்பதால் மேடைக்கு இடது பக்கம் எப்போதும் வடக்கத்தித் தொழிலாளர்கள் நிற்பார்கள். அவர்களுக்காக ஒரு இந்திப் பாட்டு கட்டாயம் உண்டு. பாடகர் அதைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பார். அந்தப் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள், எதுவானாலும் ஆடுவார்கள். பொங்கலூரில் ஆடி முடித்த ஒருவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, அக்கா முறை வைத்து, "தீதி, இது எந்த ஊர் பாஷை?" என்று கேட்டான்.

மேடைதான் இப்படியென்று ஃபோனைத் திறந்தால் அங்கே வேறு கூட்டம். அவர்கள் பாடுவதற்கு கவர் வெர்ஷன் என்று பெயர். ஜன்னல் ஓரம், ஒரு செடித்தொட்டி, ஒரு கிடார், மூடிய கண்கள். ஊரே எழுந்து ஆடிய குத்துப் பாட்டைக்கூட இழுத்து இழுத்து, காய்ச்சல்காரன் கஞ்சி கேட்கிற மாதிரி பாடுவார்கள். கீழே, "ஒரிஜினலை விட இதுதான் உயிரோட இருக்கு" என்று ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். அந்த ஆயிரம் பேரையும் ஒரு நோம்பியில் உட்காரவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

இவ்வளவு வாய் பேசுகிற நான் கட்டிக்கொண்டது ஒரு ஆர்கெஸ்ட்ராக்காரரை. புல்லாங்குழல். பகலில் ஒரு எம்பிராய்டரி யூனிட்டில் வேலை, மாலையானால் குழலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரை நான் முதலில் கேட்டது ஒரு கல்யாண வரவேற்பில். எல்லோருக்கும் தெரிந்த பழைய டூயட் ஒன்று, இரண்டாவது இடையிசையில் குழல் தனியாக வரும். ரெக்கார்டில் முடியவேண்டிய இடத்தில் இவர் முடிக்காமல், கொஞ்சம் மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றி, தபலா சரியாக விழுகிற நேரத்துக்கு இறங்கி வந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சவுண்டு சர்வீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு, "இந்த ஆளு எப்பவுமே இப்படித்தானுங்க, கடைசீல எதையாச்சும் சேத்துருவாரு" என்றார். மறு மாதமே பெண் பார்க்க வந்தார்கள், அதற்கு நானும் கொஞ்சம் ஏற்பாடு செய்திருந்தேன்.

அந்தக் கடைசிச் சுற்று ஒவ்வொரு மேடையிலும் வேறு மாதிரி வரும். சில நாள் அழகாக இறங்கும். சில நாள் மேலே போய் வழி தெரியாமல் அலைந்து கழுத்தை அறுக்கும். இரண்டையும் நான் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். அவருக்கு அது பிடிக்கும். எங்கள் வீட்டில் பாதிச் சண்டை அந்தச் சுற்றைப் பற்றியது.

கொஞ்ச காலத்தில் அதற்கும் ஆபத்து வந்தது. வாத்தியக்காரர்கள் யாரும் வேண்டாம், லேப்டாப்பில் டிராக்கைப் போட்டுவிட்டு இரண்டு பேர் பாடினால் போதும் என்று கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். குழுத் தலைவர் தெற்கத்திக்காரர். சர்ச் கொயரில் கீபோர்டு வாசித்துப் பழகியவர், பிழைக்க இங்கே வந்து ஒரு தையல் யூனிட் நடத்தி, அதை மூடிவிட்டு முழு நேரம் இசைக்கு வந்தவர். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே அவர் விஷயத்தைச் சொன்னார்.

"மதினி, உங்க முதலாளி மக வரவேற்பு மட்டும் நல்லபடியா லைவா நடந்துட்டுன்னு வைங்க, மத்த எக்ஸ்போர்ட்டர்மாரும் நம்மளக் கூப்பிடுவாவ. இல்லைன்னா நானும் லேப்டாப்புக்குத்தான் போவணும். அண்ணாச்சிக்கு மேடையில எடம் இருக்காது பாத்துக்கிடுங்க."

என் கணவர் அன்றிலிருந்து குழலுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பதும், வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக மொட்டை மாடிக்குப் போவதுமாக இருந்தார். அவருக்கு அந்த மேடை எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும்.

இங்கே என் முதலாளியைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு சட்டையை அனுப்புவார். அதைப் பார்த்து அதே மாதிரி ஒன்று தைத்து அனுப்புவோம். கை நீளம் அதிகம், கழுத்து இறுக்கம், கலர் ஒரு பிடி கம்மி என்று கமெண்ட்ஸ் வரும். மறுபடி தைத்து அனுப்புவோம். அவர் அப்ரூவ் செய்த பிறகுதான் மொத்தச் சரக்கையும் தைக்க முடியும். முதலாளி ரொம்ப மரியாதையானவர், தங்கமான மனிதர், ஒருவரையும் வா போ என்று பேசமாட்டார். உலகத்தில் நடக்கும் எல்லா வேலையும் இப்படித்தான் நடக்கிறது என்று நம்புகிறவர், அவ்வளவுதான். மகள் கல்யாணப் பத்திரிகைக்குச் சாம்பிள் பார்த்தார். பந்தி சாம்பாருக்கும் சாம்பிள் பார்த்தார். சமையல்காரரிடம், ஊரில் பேர்போன ஒரு ஓட்டலின் சாம்பாரைத் தூக்குப்போசியில் வாங்கிவைத்து, "இந்த ஷேடு வரோணுமுங்க" என்றார்.

ஆர்கெஸ்ட்ரா மட்டும் தப்பிக்குமா? "அம்மணி, உங்கூட்டுக்காரரு குழுவையே வெச்சுக்கலாமுங்க. ஒரு பாட்டு மட்டும் ஆபீஸ்ல வந்து வாசிச்சுக் காட்டீட்டாங்கன்னா அப்ரூவல் குடுத்தர்லாம்" என்றார். எந்தப் பாட்டு என்று கேட்டேன். அந்தப் பழைய டூயட்டையே சொன்னார். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறும்போது அதுதான் ஒலிக்கவேண்டுமாம்.

எங்கள் மீட்டிங் ரூமில், தொங்கும் டீ சர்ட்டுகளுக்கும் குழந்தைகள் பைஜாமாவுக்கும் நடுவே, குழு வாத்தியங்களோடு வந்து உட்கார்ந்தது. முதலாளி முதலில் தன் ஃபோனில் ஒரிஜினலைப் போட்டுக் கேட்டார். பிறகு இவர்கள் வாசித்தார்கள். அன்றைக்கு என் கணவர் நன்றாகவே வாசித்தார், கடைசிச் சுற்று உட்பட. முதலாளி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு என்னிடம் கமெண்ட்ஸ் சொன்னார். என் வேலை அதை மெயிலில் எழுதுவது. என் கணவரின் குழுவுக்கு நானே எழுதினேன்: "இரண்டாவது இடையிசையில் புல்லாங்குழல் கடைசியில் நீளம் அதிகம். குறைக்கவும்."

வீட்டில் அதைப் படித்துவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கை நீளமா, கால் நீளமான்னு கேட்டியா புள்ள?" என்றார். ஆனாலும் மேடை வேண்டுமே. அடுத்த முறை சுற்றை வெட்டிவிட்டு, ரெக்கார்டில் இருப்பதை மட்டும் வாசித்தார். முதலாளிக்கு அப்போதும் திருப்தி இல்லை.

"குழல்ல காத்துச் சத்தம் வருதுங்களே அம்மணி. ஒரிஜினல்ல அது இல்லீங்க."

குழலில் காற்று வராமல் கரண்டா வரும் என்று கேட்க நாக்கு வரை வந்தது. சம்பளம் வாங்குகிற இடம், விழுங்கிக்கொண்டு எழுதினேன்: "காற்றுச் சத்தம் தவிர்க்கவும்." இந்த முறை என் கணவர் சிரிக்கவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த ரெக்கார்டை மறுபடி மறுபடி கேட்டார். கேட்டுவிட்டு வாசித்தார், வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார், மறுபடி கேட்டார். தன்னைத் தானே பிரித்தெடுத்து வெளியே போட முயன்றுகொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. முதலாளி மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழைய தில்லுமுல்லு உண்டு. சாம்பிள் திரும்பத் திரும்ப ரிஜெக்ட் ஆகி வெறுத்துப்போனால், பையர் அனுப்பிய சட்டையிலேயே லேபிளைப் பிரித்துவிட்டு நம் லேபிளைத் தைத்து, "நாங்கள் தைத்தது" என்று அவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தன் சட்டைக்கே கமெண்ட்ஸ் எழுதிய பையர்களும் உண்டு. குழுத் தலைவர் தையல் யூனிட் நடத்தியவர் அல்லவா, கை பழக்கம் போகவில்லை. மூன்றாவது சாம்பிளுக்கு லேப்டாப்பில் ஒரிஜினல் ரெக்கார்டையே போட்டு ஸ்பீக்கரில் விட்டார். எல்லோரும் வாசிப்பது போல் கையை ஆட்டினால் போதும் என்று முன்பே சொல்லியிருந்தார். பெரியவர் குரலில் பாடிப் பிழைக்கும் எங்கள் பாடகர், அந்தப் பெரியவரே பாட, வாயை மட்டும் அசைத்தார். என் கணவர் குழலை உதட்டில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார்.

முதலாளி கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"இதேதானுங்க! மொதல்லயே இப்படி வாசிச்சிருந்தா எல்லாருக்கும் சிரமமில்லீங்களே. இப்பப் பாருங்க, காத்துச் சத்தமே இல்ல. அப்ரூவ்டுங்க."

வெளியே வந்ததும் நான் குழுத் தலைவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் காதருகே, "மதினி, இது அப்ரூவலுக்கு மட்டுந்தான். வரவேற்பன்னைக்கு லைவாத்தான் வாசிக்கோம். அண்ணாச்சி என்ன வேணும்னாலும் வாசிச்சிக்கிடட்டும், யார் கேக்கப் போறா?" என்றார். என் கணவர் அதை நம்பினார். மறுபடி மொட்டை மாடிக்குப் போனார். சுற்று திரும்பி வந்தது.

வரவேற்பு பல்லடம் ரோட்டில் ஒரு குளிர்சாதன மண்டபத்தில். நான் வழக்கம்போல் சவுண்டு மேஜைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். பார்த்தால் குழல் மைக், தபலா மைக், பாடகர் மைக் எல்லாமே அடியோடு இறங்கிக் கிடந்தன. லேப்டாப் மட்டும் ஏறியிருந்தது. சவுண்டு சர்வீஸ்காரர் வேலையில்லாமல் ஃபோனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேடைக்கு ஓடினேன். குழுத் தலைவருக்கு வியர்த்திருந்தது.

"தப்பா எடுத்துக்கிடாதீய மதினி. சாம்பிள் ஒண்ணு, சரக்கு வேறன்னு ஆயிட்டா முதலாளி என்னைய சும்மா விடமாட்டாவ. இன்னைக்கு மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க."

என் கணவரைப் பார்த்தேன். அவர் எனக்கு முன்பே தெரிந்துகொண்டிருந்தார். புதுச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, ஊதாத குழலோடு நின்றார்.

நான் என் இடத்துக்குத் திரும்பினேன். மணமக்கள் மேடை ஏற, அந்த டூயட் கிளம்பியது. என் பக்கத்து நாற்காலியில் முதலாளியின் சொந்தக்கார அம்மா ஒருவர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது இடையிசை வந்தது. பாதியில் என் கணவர் குழலை உதட்டிலிருந்து எடுத்தார். துண்டால் வாயைத் துடைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, குழலை மடியில் வைத்துக் கையைக் கட்டிக்கொண்டார். குழல் தன் பாட்டுக்கு ஸ்பீக்கரில் ஒலித்துக்கொண்டே இருந்தது. இப்போது யாராவது எழுந்து நின்று கேட்கப்போகிறார்கள், மானம் போகப்போகிறது என்று மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் திரும்பவில்லை. சொந்தக்கார அம்மா கரண்டியை நக்கிவிட்டு மேடையைப் பார்த்து, "அந்தக் குழல் ஊதற தம்பி உங்கூட்டுக்காரருங்களா அம்மணி? நல்லா ஊதறாருங்க" என்றார். மேடையில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாட்டு முடிந்ததும் முதலாளி பேச்சு மைக்கைப் பிடித்தார். குழுத் தலைவருக்கும் புல்லாங்குழலுக்கும் பொன்னாடை. போர்த்திவிட்டு, "நம்ம சம்பந்தி ஆசப்படறாங்க, அந்தக் குழல் பிட்டை மட்டும் இன்னொருக்கா வாசிங்க" என்றார். குழுத் தலைவர் லேப்டாப் பக்கம் பாய்ந்தார். அதற்குள் என் கணவர் முதலாளி கையிலிருந்த பேச்சு மைக்குக்கு நேராகக் குழலை வைத்து ஊத ஆரம்பித்துவிட்டார். அந்த மண்டபத்தில் அன்று உயிரோடு இருந்த மைக் அது ஒன்றுதான்.

ஏசி குளிரில் முதல் ஸ்வரம் கொஞ்சம் இறங்கி ஒலித்தது. மூச்சு வாங்குவது கேட்டது. காற்றுச் சத்தம் தாராளமாக வந்தது. பிறகு ரெக்கார்டு முடிகிற இடம் வந்தது, அவர் முடிக்கவில்லை. மேலே போனார், எங்கேயோ நின்றார், தபலா இல்லாமலே ஒரு சுற்றுச் சுற்றி, நான் அதுவரை கேட்காத வழியாக இறங்கி வந்து சேர்ந்தார். அதில் எனக்கு ஒரு குறையும் சொல்லத் தோன்றவில்லை. என் கண் நிறைந்துவிட்டது. நான் இதுவரை கேட்ட மேடைகளில் அதுதான் சிறந்தது. என் புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை, அவரைக் குறை சொல்ல எனக்குக் காரணமே வேண்டாம் என்பது ஊருக்கே தெரியும்.

அங்கங்கே நாலு பேர் கை தட்டினார்கள். முதலாளி முகத்தில் நிஜமான வருத்தம்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா மொதல்ல வாசிச்ச மாதிரி வரலீங்களே. களைச்சுட்டாரு போலிருக்குது, யாராச்சும் தண்ணி குடுங்க."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மேடைக்கே போய், மைக்கிலிருந்து விலகி நின்று, முதலாளியிடம் சொன்னேன்.

"மொதல்ல வாசிச்சது இவரு இல்லீங்க. லேப்டாப்புங்க. அன்னைக்கு ஆபீஸ்ல நீங்க அப்ரூவ் பண்ணதும் லேப்டாப்புதானுங்க. ஒரிஜினலத்தான் ஒரிஜினல் மாதிரி இருக்குதுன்னு சொல்லீட்டீங்க. இப்ப வாசிச்சதுதான் இவருங்க."

குழுத் தலைவர் தரையைப் பார்த்தார். வேலை போனால் போகட்டும் என்று நான் நின்றேன். முதலாளி கோபப்படுவார், இல்லாவிட்டால் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. தையல் வரிசையைச் சுற்றிவரும்போது பார்ப்பாரே, அதே பார்வையில் கீபோர்டு, தபலா, கிடார், பாடகர், என் கணவர் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனார். பிறகு என் பக்கம் குனிந்து, கொஞ்சமும் மரியாதை குறையாமல் கேட்டார்.

"அட, அப்பறம் இத்தன பேரு எதுக்குங்க அம்மணி?"

குழுத் தலைவர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். அடுத்த முகூர்த்தத்துக்கு அவர் லேப்டாப்போடும் இரண்டு பாடகர்களோடும் போனார். எக்ஸ்போர்ட்டர்கள் இப்போது அவரை விடாமல் அழைக்கிறார்கள், என் முதலாளியே சிபாரிசு செய்கிறார். என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் கணவர் மாலையானால் நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறார். கூடமாட ஒத்தாசை செய்கிறார், டிவி பார்க்கிறார். அக்கம்பக்கத்தார் என்னைக் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். நேற்று மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது, சும்மா கொஞ்சம் வாசியுங்களேன் என்று கேட்டேன். அவர் துணியை மடித்துக்கொண்டே, "எதுக்கு புள்ள?" என்றார். முதலாளி அதையே கேட்டபோது எனக்குக் கோபமாவது வந்தது.